பைக் இன்சூரன்ஸ்: பழைய விபத்துகளைச் சொல்லியே ஆக வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக் இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, வண்டி எண், எஞ்சின் நம்பர் எல்லாம் மளமளவென்று நிரம்பிவிடும். பிறகு ஒரு வரி வரும்: "கடந்த 5 ஆண்டுகளில் உங்களுக்கு விபத்து, இழப்பு அல்லது கிளைம் ஏதேனும் ஏற்பட்டதா? தவறு யாருடையதாக இருந்தாலும் குறிப்பிடவும்." அங்கே பேனா நின்றுவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் என் முகத்தைப் பார்ப்பார். "சின்னதா ஒண்ணு நடந்துச்சு, அதைப் போடணுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

மற்றவர்களுக்கு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மாறும் இடத்தில் எந்த நாட்டுச் சட்டம் என்று சொல்லிவிடுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: கேட்டதற்கு முழுதாகப் பதில் எழுதுங்கள். அதனால் பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். மறைத்துவிட்டுக் கிளைம் நேரத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

என்றோ நடந்த விபத்து இன்றைய பாலிசிக்கு எதற்கு?

நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள், எத்தனை முறை விழுந்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கம்பெனிக்குத் தெரிய முக்கிய வழி, நீங்கள் சொல்வது. அதை வைத்துத்தான் பிரீமியத்தைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தக் கொள்கைக்கு வயது 250 ஆண்டுகளுக்கு மேல். 1766-இல் இங்கிலாந்தில் கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கில் நீதிபதி லார்டு மேன்ஸ்ஃபீல்டு இதைத் தெளிவாக வகுத்தார். ஆபத்தைக் கணக்கிடத் தேவையான விவரங்கள் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவரிடமே இருக்கின்றன. கம்பெனி அவர் வார்த்தையை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறது என்றார். சுமத்ரா தீவில் பென்கூலனில் இருந்த கோட்டைக்கு எடுத்த காப்பீடு பற்றிய வழக்கு அது. கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று காப்பீடு கொடுத்தவர் வாதாடினார். வென்றது காப்பீடு எடுத்த கார்ட்டர்தான். கொடுத்தவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை வைத்துக்கொண்டு பின்னால் கையை விரிக்க முடியாது என்பதே தீர்ப்பு. நாணயமாக நடக்கும் கடமை இரண்டு பக்கத்துக்கும் உண்டு என்பது அன்றிலிருந்து இருக்கிறது. கம்பெனியோடு பேசும்போது இது நினைவில் இருக்கட்டும்.

எதையெல்லாம் "விபத்து" என்று எழுத வேண்டும்?

படிவத்தில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். "கிளைம்" என்று மட்டும் கேட்டிருந்தால், கிளைம் ஆனதை எழுதினால் போதும். "விபத்து" என்று கேட்டிருந்தால் கிளைம் போடாததும் அதில் வரும். "இழப்பு" என்று இருந்தால் வண்டி திருடு போனது, தீப்பிடித்தது, வெள்ளத்தில் மூழ்கியது எல்லாமே சேரும். இந்த மூன்று சொற்களையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு பதில் எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

சைடு ஸ்டாண்டு போட்ட வண்டி மண்ணில் சாய்ந்து கண்ணாடி உடைந்தது விபத்தா? எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பதில் கிடையாது. வேறு ஆள் மேலோ வேறு வண்டி மேலோ பட்டிருந்தாலும், யாருக்காவது அடிபட்டிருந்தாலும், போலீஸ் வந்திருந்தாலும் எழுதிவிடுங்கள். அதற்கும் கீழே என்றால் கம்பெனிக்கே போன் பண்ணிக் கேளுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் இன்னும் நல்லது.

கிளைமே போடவில்லை. கையிலிருந்து காசு போட்டுச் சரி பண்ணிவிட்டேன். அதையுமா?

கேள்வி விபத்தைப் பற்றியது என்றால், ஆமாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

என்னிடம் வந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிக்னலில் வண்டியை நகர்த்தும்போது முன்னால் நின்ற காரின் பம்பரில் அவருடைய முன்சக்கரம் இடித்துவிட்டது. இரண்டு பேரும் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு கீறல், அவ்வளவுதான். கை குலுக்கிப் பிரிந்துவிட்டார்கள். இவர் தன் மட்கார்டை மெக்கானிக்கிடம் நிமிர்த்திக்கொண்டு மறந்துவிட்டார். வீட்டுக்குப் போன கார்காரர் டிக்கியைத் திறந்து பார்த்திருக்கிறார், சரியாக மூடவில்லை. தன் கம்பெனியில் கிளைம் போட்டுவிட்டார். அந்தக் கிளைம் தாளில் இவருடைய வண்டி எண்ணும் விபத்துத் தேதியும் ஏறிவிட்டன. அடுத்த வருடம் புதுக் கம்பெனியில் "விபத்து எதுவும் இல்லை" என்று இவர் எழுதியபோது, அவர் மனதில் அது பொய்யே இல்லை. பதிவேட்டில் வேறு மாதிரி இருந்தது.

தவிர, நிறைய பாலிசிகளில், கிளைம் போடாவிட்டாலும் விபத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். சிங்கப்பூரில் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், விபத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நடைமுறை. வண்டியில் கீறல்கூடத் தெரியாவிட்டாலும் இது பொருந்தும்.

தப்பு என் மேல் இல்லை. நின்றுகொண்டிருந்த என்னை வந்து இடித்தார்கள்.

அப்படியே எழுதுங்கள். "சிக்னலில் நின்றிருந்தபோது பின்னால் வந்த கார் இடித்தது. எதிர்த்தரப்புக் கம்பெனி முழுச் செலவையும் ஏற்றது." இதைப் படிக்கும் அண்டர்ரைட்டருக்கு, அதாவது ஆபத்தை எடைபோட்டுப் பிரீமியத்தை முடிவு செய்யும் கம்பெனி அதிகாரிக்கு, உங்கள் மேல் சந்தேகம் வராது.

ஒரு நுணுக்கம் உண்டு. சாலையில் யார் தப்பு என்பதும், இன்சூரன்ஸ் கணக்கில் "தப்பு" என்று பதிவாவதும் எப்போதும் ஒன்றாக இருக்காது. பிரிட்டன் போன்ற இடங்களில், உங்கள் கம்பெனி செலவழித்ததை வேறு யாரிடமிருந்தாவது முழுதாக வசூலித்துவிட்டால்தான் அது "தப்பில்லாத" கிளைம். இடித்தவன் நிற்காமல் போய்விட்டால் வசூலிக்க ஆள் இல்லை. அது உங்கள் கணக்கில்தான் ஏறும். வண்டி திருடு போனாலும் அப்படித்தான். நியாயமாகப் படாதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் பழைய கிளைம் எப்படி முடிந்தது என்று அந்தக் கம்பெனியிடமே எழுத்தில் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து நிரப்புங்கள்.

எத்தனை வருடம் பின்னோக்கிப் போக வேண்டும்?

படிவம் சொல்லும் வருடங்கள். 3 அல்லது 5 என்று கேட்பது பிரிட்டனில் வழக்கம். பாலிசி தொடங்கும் நாளிலிருந்து விபத்து நடந்த தேதி வரை எண்ணுங்கள், பணம் பட்டுவாடா ஆன தேதி வரை அல்ல. கெடுவுக்கு முன்னால் நடந்ததைத் தாராளமாக விட்டுவிடலாம்.

அது கார் ஓட்டும்போது நடந்தது. பைக்குக்கும் சொல்ல வேண்டுமா?

"இந்த வண்டியில்" என்று கேள்வி இருந்தால் வேண்டாம். "எந்த வாகனத்திலும்" என்றோ, வாகனத்தைக் குறிப்பிடாமல் "உங்களுக்கு" என்றோ இருந்தால் வேண்டும்.

என் வண்டியைத் தம்பி எடுத்துப்போய் விழுந்தான். அது யார் கணக்கு?

கிளைம் உங்கள் பாலிசியில் போனால், கிளைம் இல்லாத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான உங்கள் நோ கிளைம் போனஸ்தான் அடிபடும். ஓட்டியது யார் என்று அது பார்க்காது. விபத்து வரலாறு தம்பிக்கும் சேரும். பின்னால் அவன் தன் பெயரில் பாலிசி எடுக்கும்போது, ஓட்டியவர் என்ற முறையில் அவனும் எழுத வேண்டிவரும். படிவத்தில் "நீங்களோ, இந்த வண்டியை ஓட்டப்போகும் வேறு யாருமோ" என்று இருந்தால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு நிரப்புங்கள். வீட்டில் கேட்காமல் "அவனுக்கு எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. முன்பு அடிபட்டதா என்று எனக்குத் தெரியாது.

ஓட்டுபவரின் வரலாறு வேறு, வண்டியின் வரலாறு வேறு. முந்தைய உரிமையாளர் விழுந்ததை உங்கள் விபத்தாக எழுத வேண்டியதில்லை. ஆனால் "வண்டி முன்பு முழுச் சேதம் என்று ஒதுக்கப்பட்டதா?" என்று தனியாகக் கேட்டால், தெரிந்ததைச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் சட்டகம் போன்ற கட்டமைப்பு அடிபட்ட வண்டிக்கு 'S' பிரிவு, மற்றபடி ஒதுக்கப்பட்டுப் பழுது பார்க்கக்கூடிய வண்டிக்கு 'N' பிரிவு என்று குறிக்கிறார்கள். காசு கொடுத்தால் அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். தெரியாததற்கு "இல்லை" என்று எழுதாதீர்கள். "எனக்குத் தெரிந்தவரை இல்லை" என்று எழுதுங்கள்.

நோ கிளைம் போனஸ் வாங்கும்போது பழைய கிளைமைச் சொல்லாமல் விட்டால்?

இந்தியாவில் இந்தக் கேள்வி பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வரும். அங்கே ஒவ்வொரு விபத்தையும் பட்டியல் போடச் சொல்வதைவிட, "போன பாலிசியில் கிளைம் உண்டா?" என்று கேட்பதுதான் அதிகம். கிளைம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று தள்ளுபடி படிப்படியாக ஏறும். அந்தத் தள்ளுபடி உங்கள் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும். அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் குறையாது. ஒரு கிளைம் போட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். போனஸ் வண்டியோடு போகாது, உங்களோடு வரும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும்.

கம்பெனி மாறும்போது பழைய கம்பெனியின் சான்று கையில் இல்லையென்றால் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள்: எனக்கு இவ்வளவு போனஸ் உண்டு, கிளைம் எதுவும் இல்லை, இது பொய்யென்றால் ஓன் டேமேஜ் பகுதியின் பயன்கள் அனைத்தையும் இழப்பேன். கடைசி வாக்கியத்தை யாரும் படிப்பதில்லை. இழப்பது அந்த 20 சதவீதத் தள்ளுபடியை மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வண்டி நொறுங்கிக் கிடக்கும்போதுதான் அந்த வாக்கியத்தை யாராவது படித்துக் காட்டுவார்கள்.

போனஸ் கொடுத்த கம்பெனி 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிச் சரிபார்க்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃப் விதிகள் சொல்லின. பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. சரிபார்க்காமல் இருந்துவிட்டுக் கிளைம் வந்த பிறகு கம்பெனி விழித்துக்கொண்டால், இந்த விதியைச் சுட்டிக்காட்டி வாதாட உங்களுக்கு இடம் இருக்கலாம். அதை நம்பிப் பொய்யில் கையெழுத்துப் போட வேண்டாம்.



நான் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கிளைம் விவரங்களைக் கம்பெனிகள் பொதுவான பதிவேடுகளில் பகிர்ந்துகொள்கின்றன. பிரிட்டனில் கிளைம்ஸ் அண்டு அண்டர்ரைட்டிங் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது; இந்தியாவில் இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பியூரோ. போலீஸ் பதிவு, மருத்துவமனைச் சீட்டு, ஒர்க்‌ஷாப் பில் எல்லாம் தனி.

இவற்றையெல்லாம் விட, வண்டியே சொல்லிவிடும். கிளைம் வந்ததும் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒருவர் வேலை பார்த்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வலப்பக்கம் விழுந்ததாகக் கிளைம். அவர் முதலில் இடப்பக்கம் போய்க் குந்தினார். ஃபுட்ரெஸ்ட்டின் நுனியை விரலால் தடவினார். ரப்பர் தேய்ந்து உள்ளிருந்த இரும்பில் பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. நேற்று விழுந்த கீறல் வெள்ளிபோல் மின்னும். இதுவோ மங்கிப்போய், பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைந்திருந்தது. கிளட்ச் லீவரின் முனையில் இருக்க வேண்டிய குண்டு பாதி தேய்ந்திருந்தது. பிறகு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பினார். அது தடுத்து நிற்கும் இடத்தில், சட்டகத்தோடு சேர்ந்த சின்னத் துண்டு நசுங்கியிருந்தது. டேங்கின் அடி விளிம்பில் டார்ச் அடித்தார். கம்பெனிப் பெயின்ட்டுக்கு மேல் இன்னொரு பூச்சு. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி எப்ப விழுந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். வண்டிக்காரரின் படிவத்தில் அந்த இடத்தில் "இல்லை" என்று இருந்தது.

மறைத்தது தெரிந்தால் என்ன ஆகும்?

பிரிட்டனில் தனிநபர் பாலிசிகளுக்கு 2012-ஆம் ஆண்டுச் சட்டம் 2013 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது மனதைப் பார்த்துப் பிரிக்கிறது. வேண்டுமென்றோ, உண்மையா பொய்யா என்று கவலையே படாமலோ தவறாகச் சொல்லியிருந்தால், கம்பெனி பாலிசியை ஆரம்பத்திலிருந்தே ரத்து செய்யலாம், கிளைமை மறுக்கலாம், பெரும்பாலும் பிரீமியத்தையும் வைத்துக்கொள்ளலாம். கவனக்குறைவால் நேர்ந்தது என்றால், உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும் என்று பார்ப்பார்கள். பாலிசியே கொடுத்திருக்காது என்றால் ரத்து, ஆனால் பிரீமியம் திரும்ப வரும். அதிகப் பிரீமியம் வாங்கியிருக்கும் என்றால் கிளைம் தொகை அந்த விகிதத்தில் குறையும்: 100 கட்ட வேண்டிய இடத்தில் 60 கட்டியிருந்தால், கிளைமிலும் நூற்றுக்கு 60 தான். நீங்கள் நியாயமான அக்கறையோடுதான் பதில் சொன்னீர்கள், அப்படியும் தவறிவிட்டது என்றால் உங்கள் மேல் கை வைக்க முடியாது.

மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டமும் இதே பாதையில் போகிறது. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் 5 முதல் தனிநபர்களின் கடமை "தவறாகச் சொல்லாமல் இருக்க நியாயமான அக்கறை எடுப்பது" என்று மாறியது. இந்தியாவில் இன்னும் பழைய, கடுமையான கொள்கைதான்: பாலிசி கொடுக்கலாமா, என்ன பிரீமியத்துக்கு என்று முடிவெடுப்பதைப் பாதிக்கும் முக்கிய விவரத்தை மறைத்தால் கிளைமை மறுக்கலாம்.

பாலிசி ரத்தான பிறகு இன்னொரு தொல்லை. "எந்தக் கம்பெனியாவது உங்கள் பாலிசியை ரத்து செய்திருக்கிறதா?" என்ற கேள்வியும் படிவங்களில் வரும். அதற்கு "ஆமாம்" என்று எழுத வேண்டியவருக்குப் புதுப் பாலிசி கிடைப்பது, பழைய விபத்தை எழுதியவருக்குக் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

நான் மறைத்ததால், என் வண்டி மோதிய ஆளுக்கும் பணம் கிடைக்காதா?

அந்த ஆளைக் காப்பாற்றத்தான் தேர்ட் பார்ட்டி காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். வண்டியின் உரிமையாளர் யார், வழக்கமாக ஓட்டுவது யார் என்று பொய் சொல்லி எடுத்த பாலிசியாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவரிடம் அதைக் காட்டித் தப்பிக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், முக்கிய விவரத்தை மறைத்து எடுத்த பாலிசி செல்லாது என்று வாதாடக் கம்பெனிக்கு இடம் தருகிறது. ஆனாலும் அடிபட்டவருக்கு முதலில் கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு. அப்படி வசூலிக்க வரும்போது உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

ஏஜென்ட் "அதெல்லாம் போட வேண்டாம்" என்றார்.

கையெழுத்து உங்களுடையது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஏஜென்ட் நிரப்பினால் வாங்கிப் படித்து, ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். விபத்தைச் சொல்லியும் அவர் எழுதவில்லை என்றால், அன்றே அவருக்கு ஒரு செய்தி அனுப்பி வையுங்கள்: "நான் சொன்ன விபத்தை நீங்கள் படிவத்தில் சேர்க்கவில்லை, சேர்த்துவிடுங்கள்." இந்த வேலையில் இருப்பவனாகவே சொல்கிறேன், அப்படி ஆலோசனை சொல்பவர் கிளைம் நாளில் உங்கள் பக்கம் நிற்க மாட்டார்.

தேதி சரியாக நினைவில்லை.

மாதமும் வருடமும் போதும். பக்கத்தில் "தோராயமாக" என்று எழுதுங்கள். ஒர்க்‌ஷாப் பில், விழுந்த அன்று வண்டியைப் படம் எடுத்த போன், பழைய கம்பெனியின் கிளைம் வரலாறு, இவற்றில் ஏதாவது ஒன்றில் சரியான தேதி கிடைத்துவிடும்.

கேட்கவே இல்லை என்றால் நானாகச் சொல்ல வேண்டுமா?

பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் தனிநபர் பாலிசிக்குத் தேவையில்லை. கேட்டதற்கு அக்கறையோடு பதில் சொன்னால் போதும். இந்தியாவில் முக்கியமானதைத் தானாகச் சொல்லும் கடமை இன்னும் இருப்பதால், பெரிய விபத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அதே சமயம், 2021-இல் மன்மோகன் நந்தா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது உதவும்: படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்து, கம்பெனியும் அதை நிரப்பச் சொல்லாமல் பிரீமியத்தை வாங்கிக்கொண்டால், பின்னால் அதை வைத்து மறைத்துவிட்டார் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பயணத்துக்கான மருத்துவக் காப்பீடு பற்றிய வழக்கு அது. ஆனால் பேசியது காப்பீட்டின் பொதுவான கொள்கையை.

ரின்யூவலுக்கு எதுவும் கேட்கவில்லை. பணம் தானாக எடுத்துக்கொண்டார்கள்.

ரின்யூவல் தாளோடு, நீங்கள் முன்பு கொடுத்த விவரங்களை அச்சடித்து, "மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்று அனுப்பியிருப்பார்கள். அதுவும் ஒரு கேள்விதான். நடுவில் விபத்து நடந்திருந்தும் பேசாமல் இருந்தால், தவறாகச் சொன்னதாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தத் தாளைக் கிழித்துப் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் படியுங்கள்.

சொன்னதும் பிரீமியத்தை ஏற்றிவிட்டார்கள்.

வேறு இரண்டு மூன்று கம்பெனியில் அதே உண்மையைச் சொல்லி விலை கேளுங்கள். ஒரே விபத்தை எல்லாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

ஏற்கெனவே மறைத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

கிளைம் வருவதற்கு முன் நீங்களாகவே சொல்லுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்கலாம். சிலர் பாலிசியைத் தொடர மறுக்கவும் செய்யலாம். அப்படி நடந்தாலும், உங்கள் வண்டி அடிபடாமல் நிற்கும்போது வேறு பாலிசி தேடிக்கொள்ளலாம். பழைய பாலிசியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு வேறு கம்பெனியில் மறுபடி "இல்லை" என்று எழுதுவதுதான் செய்யக் கூடாதது.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம், காரணம் தேடிக் கதை எழுதவும் வேண்டாம். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்:

"என் பாலிசி எண் இது. விண்ணப்பத்தில் விபத்து பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று பதில் அளித்திருந்தேன். அது சரியல்ல. இந்த மாதம், இந்த ஆண்டில், நான் ஓட்டிய மோட்டார் சைக்கிள் ஈரச் சாலையில் வழுக்கி விழுந்தது. வேறு வண்டி சம்பந்தப்படவில்லை. எனக்கு முழங்காலில் காயம். கிளைம் செய்யவில்லை, பழுது பார்த்த பில் இணைத்துள்ளேன். பதிவைத் திருத்தி, பிரீமியத்தில் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும். திருத்திய பாலிசியின் நகலை அனுப்பவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். திருத்திய நகல் கைக்கு வந்து, அதில் விபத்து ஏறியிருப்பதை உங்கள் கண்ணால் பார்க்கும் வரை வாரம் ஒருமுறை நினைவூட்டிக்கொண்டே இருங்கள்.